சர்வதேசக் கணக்கியலும் நிதி மேலாண்மையும்: பிரிட்டனில் ஓராண்டு எம்எஸ்சி படிக்க முழு வழிகாட்டி

பி.காம் கடைசி செமஸ்டர் நெருங்கும்போது பலருக்கும் மூன்று வழிகள் கண்ணில் படும்: சிஏ, எம்பிஏ, வெளிநாடு. மூன்றாவது வழியை யோசிக்கிறவர்கள் தேடிப் போகும் படிப்புகளில் ஒன்று, சர்வதேசக் கணக்கியலும் நிதி மேலாண்மையும் சேர்ந்த எம்எஸ்சி. பிரிட்டனில் பன்னிரண்டு மாதத்தில் முடிந்துவிடும். செலவு மட்டும் நாற்பது லட்சத்துக்குப் பக்கத்தில் தொடங்கும். அவ்வளவு பணம் போடுகிற விஷயத்தைப் பலர் கன்சல்டன்சி மேஜையில் கொடுத்த வழவழப்பான காகிதத்தைப் பார்த்தே முடிவு செய்துவிடுகிறார்கள். அந்தக் கன்சல்டன்சிக்குக் கமிஷன் வருவது பல்கலைக்கழகத்திடமிருந்து என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் சொல்வதெல்லாம் பொய் என்று சொல்லவில்லை. ஆனால் உங்களுக்கு எந்தப் படிப்பு வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்கு எந்த அவசியமும் இல்லை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பட்டம் தனியாக நின்று யாருக்கும் வேலை வாங்கித் தராது. சிஏ, அல்லது பிரிட்டன் கணக்காளர் அமைப்புகள் தரும் ஏசிசிஏ, சிஐஎம்ஏ மாதிரி ஒரு தொழில்முறைத் தகுதியோ கையில் உருப்படியான வேலை அனுபவமோ பக்கத்தில் இருந்தால்தான் இதற்கு விலை. கீழே உள்ள ஒவ்வொரு படியையும் அந்தக் கோணத்தில்தான் எழுதியிருக்கிறேன்.

முதல் படி: எதற்காகப் போகிறீர்கள்?

இந்தப் படிப்புக்கு வருகிறவர்களைப் பெரும்பாலும் மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, பி.காம் முடித்த கையோடு வருகிறவர்கள். இரண்டாம் வகை, சிஏ இன்டரிலோ ஃபைனலிலோ மாட்டிக்கொண்டு, நான்கைந்து வருடம் போன பிறகு மாற்று வழி தேடுகிறவர்கள். மூன்றாம் வகை, ஏசிசிஏ பாதி எழுதிவிட்டு, அல்லது இரண்டு மூன்று வருடம் ஏதாவது ஒரு நிறுவனத்தின் ஃபைனான்ஸ் பிரிவில் வேலை பார்த்துவிட்டு வருகிறவர்கள். மூன்றாம் வகைக்குத்தான் இந்த ஓராண்டு அதிகம் பலன் தரும். இரண்டாம் வகைக்கும் பலன் உண்டு, ஏனென்றால் சிஏவுக்குப் படித்த பாடம் எங்கேயும் போய்விடாது. முதல் வகைக்காரர்கள்தான் கொஞ்சம் நிதானமாக யோசிக்க வேண்டும்.

ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள்: இந்தியாவில் ஒரு கம்பெனியின் சட்டப்படியான ஆடிட் அறிக்கையில் கையெழுத்துப் போட, இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனத்தில் உறுப்பினராக இருந்து, தொழில் நடத்தும் சான்றிதழும் வைத்திருக்க வேண்டும். லண்டனில் எம்எஸ்சி படித்தாலும் அந்த உரிமை வராது. ஊரில் சொந்தமாக ஆடிட் ஆபீஸ் போடுவதுதான் உங்கள் கனவு என்றால் இந்தப் படிப்பு உங்களுக்கானது இல்லை, சிஏவை முடியுங்கள். பன்னாட்டு நிறுவனத்தின் குழுமக் கணக்கு (தாய், துணை நிறுவனக் கணக்குகளை ஒன்றாக்குவது), ட்ரஷரி (பணம், கடன், செலாவணி நிர்வாகம்), எஃப்பி அண்ட் ஏ (நிதித் திட்டமிடலும் பகுப்பாய்வும்), பரிவர்த்தனை ஆலோசனை (நிறுவனங்களை வாங்கி விற்பதில் ஆலோசனை), ஆராய்ச்சி, கல்லூரி ஆசிரியர் பணி ஆகியவற்றில் ஒன்று உங்கள் மனதில் இருந்தால் மேலே படியுங்கள்.

கல்லூரிப் பணி என்றதும் இன்னொன்று. பிரிட்டனின் ஓராண்டு முதுகலைப் பட்டத்தை இந்தியாவில் முழு முதுகலையாக ஏற்பார்களா என்ற குழப்பம் ரொம்ப காலம் இருந்தது. 2022 ஜூலையில் இரு நாடுகளும் கல்வித் தகுதிகளைப் பரஸ்பரம் ஏற்பதற்கு ஓர் ஒப்பந்தம் போட்டன. மருத்துவம், சட்டம், பொறியியல் போன்ற தொழிற்படிப்புகள் அதில் சேராது. கணக்கியல் எம்எஸ்சி சேரும். நெட் (கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வு), பிஎச்டி என்று போக நினைப்பவர்களுக்கு இது பெரிய நிம்மதி.

இரண்டாம் படி: உள்ளே என்ன இருக்கிறது?

பிரிட்டனில் பாடம் நடத்தித் தரும் முதுகலைப் படிப்பு 180 கிரெடிட். வழக்கமாக 120 கிரெடிட்டுக்கு வகுப்பும் தேர்வும், மீதி 60க்கு டிஸர்டேஷன் என்ற ஆய்வேடு. 50 மதிப்பெண் பாஸ், 60 மெரிட், 70 டிஸ்டிங்ஷன். நம் ஊரில் 70 என்றால் வீட்டில் முகம் சுளிப்பார்கள். அங்கே 70 வாங்குவதற்கே மூச்சு வாங்கும்.

பாடத்தின் முதுகெலும்பு ஐஎஃப்ஆர்எஸ், அதாவது சர்வதேச நிதி அறிக்கைத் தரம். அதை எழுதும் சர்வதேசக் கணக்கியல் தர வாரியம் 2001இல் லண்டனை மையமாகக் கொண்டு செயல்படத் தொடங்கியது. அதற்கு முந்தைய குழு 1973லேயே வந்துவிட்டது. 2005இல் ஐரோப்பிய ஒன்றியம் பங்குச்சந்தையில் உள்ள குழுமங்களுக்கு இதைக் கட்டாயமாக்கிய பிறகுதான் உலகம் முழுக்கப் பரவியது. இலங்கை 2012 ஜனவரி முதல் எஸ்எல்எஃப்ஆர்எஸ் என்ற பெயரில் ஏறக்குறைய அப்படியே எடுத்துக்கொண்டது. இந்தியா கொஞ்சம் வெட்டி ஒட்டி, 2016 ஏப்ரல் முதல் 500 கோடி ரூபாய்க்கு மேல் நிகர மதிப்புள்ள கம்பெனிகளுக்கு இண்ட் ஏஎஸ் என்று கொண்டுவந்தது.

அந்த வெட்டி ஒட்டிய இடங்களில்தான் நம் மாணவர்கள் தேர்வில் சறுக்குகிறார்கள். ஒரு கம்பெனியை அதன் நிகரச் சொத்து மதிப்பைவிடக் குறைந்த விலைக்கு வாங்கினால் வரும் ஆதாயத்தை ஐஎஃப்ஆர்எஸ் நேராக லாப நட்டக் கணக்கில் காட்டச் சொல்லும். இண்ட் ஏஎஸ் அதை அங்கே விடாமல் மூலதன இருப்புக்குத் திருப்பிவிடும். முதலீட்டுச் சொத்தாக வைத்திருக்கும் கட்டடத்தை நியாய மதிப்பில் காட்ட ஐஎஃப்ஆர்எஸ் அனுமதிக்கும். இண்ட் ஏஎஸ்ஸில் அடக்கவிலை முறை மட்டும்தான். கையிருப்புச் சரக்கை லைஃபோ முறையில் (கடைசியாக வாங்கியது முதலில் விற்றதாகக் கொள்வது) மதிப்பிட அமெரிக்கா இன்றும் விடுகிறது, ஐஎஃப்ஆர்எஸ் விடாது. "சர்வதேச" என்று படிப்பின் பெயரில் போட்டிருப்பதன் சாரம் இந்த வேறுபாடுகள்தான்: ஒரே வியாபாரம், மூன்று நாட்டு விதிகளில் மூன்று விதமான லாபம்.

வகுப்பில் எப்படி நடக்கும் என்று காட்ட ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு துணிக்கடை, ஐந்து ஆண்டுக் குத்தகைக்கு ஒரு கட்டடம் எடுக்கிறது. ஆண்டு முடிவில் 10 லட்சம் வாடகை. வட்டி விகிதம் 10 சதவீதம். பழைய விதிப்படி வருடம் 10 லட்சம் செலவு எழுதினால் போதும்; பேலன்ஸ் ஷீட்டில் ஒன்றும் ஏறாது. 2019இல் ஐஎஃப்ஆர்எஸ் 16 என்ற குத்தகைத் தரம் வந்த பிறகு அப்படிச் செய்ய முடியாது. ஐந்து வாடகைகளையும் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால் 37.91 லட்சம். அதைச் சொத்தாகவும் காட்ட வேண்டும், கடனாகவும் காட்ட வேண்டும். முதல் ஆண்டில் தேய்மானம் 7.58 லட்சம், வட்டி 3.79 லட்சம், ஆக 11.37 லட்சம் செலவு. கொடுத்த வாடகை 10 லட்சம்தானே! ஐந்தாம் ஆண்டில் வட்டி 0.91 லட்சமாக இறங்கிவிடும், மொத்தச் செலவு 8.49 லட்சம். ஐந்தாண்டுக்கும் கூட்டினால் அதே 50 லட்சம்தான்.

பி.காமில் கேள்வி இங்கே முடிந்துவிடும். எம்எஸ்சியில் இதற்கு மேல்தான் தொடங்கும். வாடகைச் செலவு மறைந்து தேய்மானமும் வட்டியும் ஆனதால், வட்டி, வரி, தேய்மானத்துக்கு முந்தைய லாபம் 10 லட்சம் கூடிவிட்டது. அதே சமயம் கடன் விகிதமும் ஏறிவிட்டது. பேங்க் போட்ட கடன் நிபந்தனை இதனால் மீறப்படுமா? மேலாளரின் போனஸ் அந்த லாபத்தோடு கட்டப்பட்டிருந்தால் அவர் என்ன செய்வார்? விமான நிறுவனங்களையும் சில்லறை வியாபாரச் சங்கிலிகளையும் இந்த விதி ஏன் அதிகம் பாதித்தது? இதற்கெல்லாம் 2,000 சொல்லில் விடை எழுதச் சொல்வார்கள். ஜர்னல் என்ட்ரி போடுவதில் புலியாக இருப்பவர் பலர் இங்கேதான் திணறுகிறார்கள்.

நிதி மேலாண்மைப் பக்கம் வேறு உலகம். மூலதனக் கட்டமைப்பு, முதலீட்டு மதிப்பீடு, நிறுவன இணைப்பு, அந்நியச் செலாவணி அபாயம். செலாவணியைப் பற்றி ஒரு சிறு கணக்கு: இன்று ஒரு பவுண்டு 115 ரூபாய், இந்தியாவில் வட்டி 6.5 சதவீதம், பிரிட்டனில் 4.5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். வட்டி சமநிலை விதிப்படி ஓராண்டுக்குப் பிந்தைய ஃபார்வர்ட் விலை (பின்னாளில் மாற்றுவதற்கு இன்றே பேசி முடிக்கும் விலை) 115ஐ 1.065ஆல் பெருக்கி 1.045ஆல் வகுத்தால் வருவது, அதாவது 117.20 ரூபாய். பவுண்டில் பணம் வரவேண்டிய திருப்பூர் ஏற்றுமதியாளருக்கு "2 ரூபாய் 20 காசு லாபம்" என்று தோன்றும். அது லாபம் இல்லை, வட்டி வித்தியாசம். ஓராண்டு கழித்துப் பவுண்டு 123க்குப் போனால் "ஏன் ஃபார்வர்ட் போட்டோம்" என்று முதலாளி கேட்பார். 109க்கு இறங்கினால் கேட்க மாட்டார். ஹெட்ஜிங் (விலை ஏற்ற இறக்கத்திலிருந்து இப்படிக் காத்துக்கொள்வது) செய்வது லாபம் பார்க்க இல்லை, தூக்கம் கெடாமல் இருக்க என்பதை அவருக்குப் புரியவைப்பதுதான் ட்ரஷரி வேலையில் பாதி.

ஆடிட், நிறுவன ஆளுகை பாடத்தில் அமெரிக்காவின் என்ரான், 2018இல் மூழ்கிய பிரிட்டன் கட்டுமான நிறுவனம் காரில்லியன் ஆகியவற்றோடு நம் ஐடி நிறுவனம் சத்யமும் வரும். 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய கடிதத்தில், இல்லாத 5,040 கோடி ரூபாயைக் கையிருப்பாகவும் பேங்க் இருப்பாகவும் காட்டியதாக ஒப்புக்கொண்டார். பேங்க் இருப்பை உறுதி செய்வது ஆடிட்டின் அரிச்சுவடி. அதிலேயே எப்படி ஓட்டை விழுந்தது என்ற விவாதம் வரும்போது இந்தியரான உங்கள் பக்கம் எல்லாத் தலையும் திரும்பும், தயாராகப் போங்கள்.

புதிதாகச் சேர்ந்த பகுதி, நிலைத்தன்மை அறிக்கைகள் (காலநிலை, சுற்றுச்சூழல் அபாயம் போன்றவை பற்றியவை). ஐஎஃப்ஆர்எஸ் எஸ்1, எஸ்2 என்ற இரண்டு தரங்கள் 2023 ஜூனில் வெளியாகி 2024 ஜனவரியிலிருந்து நடைமுறைக்கு வந்தன. 2027 ஜனவரியில் ஐஎஃப்ஆர்எஸ் 18 வருகிறது. லாப நட்டக் கணக்கின் அமைப்பே மாறும். நீங்கள் பார்க்கும் பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டத்தில் இவை இல்லை என்றால் அது பழைய பாடத்திட்டம்.

மூன்றாம் படி: பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுப்பது

கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் ஆடம் ஸ்மித் வணிகப் பள்ளியில் இதே பெயரில் எம்எஸ்சி உண்டு. பர்மிங்ஹாமிலும் லண்டன் பேயஸ் வணிகப் பள்ளியிலும் சர்வதேசக் கணக்கியலும் நிதியும் என்ற பெயரில் இருக்கிறது. மற்ற இடங்களில் பெயர் கொஞ்சம் கொஞ்சம் மாறும். ஸ்காட்லாந்துக்கு இந்தத் துறையில் தனிப் பெருமை உண்டு. உலகின் பழமையான கணக்காளர் சங்கம் 1854இல் அரச சாசனம் பெற்றது எடின்பரோவில்தான்.

தரவரிசையைப் பாருங்கள், ஆனால் அதோடு நிற்காதீர்கள். பாடப் பட்டியலைத் திறந்து நான்கு கேள்வி கேளுங்கள். கட்டாயப் பாடங்களில் குழுமக் கணக்கு ஆழமாக இருக்கிறதா, இல்லை "கணக்கியல் அறிமுகம்" என்று மறுபடி பி.காம் முதல் வருடமா? சில எம்எஸ்சிகள் வேறு துறையிலிருந்து வருகிறவர்களுக்காகவே அமைந்தவை. பி.காம் படித்தவர் அதில் சேர்ந்தால் முதல் செமஸ்டர் முழுக்கக் கொட்டாவிதான். டிஸர்டேஷனுக்குப் பதில் நிறுவனத் திட்டப்பணி எடுக்க வழி இருக்கிறதா? ப்ளூம்பெர்க் டெர்மினல் (நிதிச் சந்தைத் தரவு தரும் கணினி) உள்ள ஆய்வகம் இருக்கிறதா? ஏசிசிஏ விலக்கு எத்தனை தாளுக்கு?

கடைசிக் கேள்விக்குக் கொஞ்சம் விளக்கம். ஏசிசிஏவில் மொத்தம் 13 தாள். அதிகபட்சம் முதல் ஒன்பதுக்குத்தான் விலக்கு கிடைக்கும். கடைசிக் கட்டத்தின் நான்கு தாளை எழுதியே ஆகவேண்டும். பி.காமுக்கே சில தாள் விலக்கு உங்களுக்கு வந்திருக்கும். எம்எஸ்சி கூடுதலாக எத்தனை தருகிறது என்பதுதான் கணக்கு. "ஒன்பது தாள் விலக்கு" என்று விளம்பரத்தில் இருந்தால், அது எல்லோருக்கும் கிடைக்குமா, குறிப்பிட்ட விருப்பப் பாடங்களை எடுத்தால்தானா என்று ஏசிசிஏ இணையதளத்தில் உள்ள விலக்குக் கணிப்பானில் நீங்களே சரிபாருங்கள். விலக்குப் பெறும் தாளுக்கும் கட்டணம் உண்டு.

இன்னொரு வழி இருக்கிறது, சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை. ஏசிசிஏவின் 13 தாளையும் சென்னையிலோ கொழும்பிலோ இருந்தபடியே எழுதலாம். 36 மாத வேலை அனுபவத்தையும் உள்ளூரிலேயே சேர்க்கலாம். செலவு எம்எஸ்சியில் ஒரு சிறு பங்கு. கடன் வாங்கித்தான் போகவேண்டும் என்ற நிலையில் உள்ள முதல் வகைக்காரருக்கு என் யோசனை: முதலில் ஏசிசிஏவில் பாதி தாண்டி, ஒரு வேலையில் சேர்ந்து, அப்புறம் எம்எஸ்சியைப் பற்றி யோசியுங்கள்.

நான்காம் படி: விண்ணப்பம்

செப்டம்பர் சேர்க்கைக்கு முந்தைய ஆண்டு அக்டோபரிலேயே விண்ணப்பம் திறந்துவிடும். பெயர் பெற்ற இடங்கள் கட்டம் கட்டமாக நிரப்பும். பிப்ரவரிக்குள் போட்டுவிடுவது நல்லது. உதவித்தொகைக்கும் அந்தக் காலக்கெடுதான் பெரும்பாலும்.

மதிப்பெண் எதிர்பார்ப்பு பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். 55 முதல் 65 சதவீதத்துக்குள் பெரும்பாலானவை அடங்கும். ஐஇஎல்டிஎஸ் மொத்தம் 6.5, எந்தப் பகுதியிலும் 6க்குக் கீழே போகாமல் என்பது வழக்கமான நிபந்தனை. பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கில மதிப்பெண்ணை வைத்தே விலக்கு தரும் இடங்களும் உண்டு. பணம் கட்டி ஐஇஎல்டிஎஸ் எழுதுமுன் கேட்டுப் பாருங்கள்.

அரியர் இருந்தவர்கள் மறைக்க வேண்டாம். ஒவ்வொரு செமஸ்டர் மதிப்பெண் பட்டியலையும் கேட்பார்கள், தெரிந்துவிடும். கன்ஸாலிடேட்டட் மார்க் ஷீட், ட்ரான்ஸ்கிரிப்ட் இரண்டுக்கும் பல்கலைக்கழக அலுவலகத்தில் நடையாய் நடக்க வேண்டியிருக்கும் என்பதால் அதை முதலில் தொடங்குங்கள்.

நோக்க அறிக்கையில் "சிறு வயதிலிருந்தே எண்களின் மீது ஆர்வம்" என்று ஆரம்பிக்காதீர்கள். ஆயிரம் பேர் அப்படித்தான் எழுதுகிறார்கள். சிஏ பயிற்சியான ஆர்ட்டிகிள்ஷிப்பில் ஒரு நூற்பாலையின் சரக்கிருப்பை எண்ணப் போனீர்களா? அங்கே கழிவுப் பஞ்சை எந்த மதிப்பில் காட்டுவது என்று சிக்கல் வந்ததா? அதைப் பற்றி ஒரு பத்தி எழுதுங்கள். பிறகு, அந்தப் படிப்பின் எந்தப் பாடம் அந்தக் கேள்விக்கு உங்களைக் கொண்டுபோகும் என்று எழுதுங்கள். பேராசிரியரிடம் வாங்கும் பரிந்துரைக் கடிதத்துக்கும் இதேதான். "ஒழுக்கமான மாணவர்" என்பதை விட, நீங்கள் செய்த ஒரு ப்ராஜெக்டைக் குறிப்பிட்டு நான்கு வரி இருந்தால் எடை அதிகம்.

ஐந்தாம் படி: பணம்

படிப்புக் கட்டணம் இடத்தைப் பொறுத்து சுமார் 20,000 பவுண்டிலிருந்து 35,000க்கு மேலும் போகும். லண்டனுக்கு வெளியே 25,000 பவுண்டு கட்டணமுள்ள ஓர் இடத்தை எடுத்துக்கொள்வோம். வாழ்க்கைச் செலவு மாதம் 1,100 வீதம் பன்னிரண்டு மாதத்துக்கு 13,200. விசாவோடு கட்டும் சுகாதார வரி 1,164. விசா கட்டணம் 2025 ஏப்ரலில் 524 ஆனது; அடிக்கடி ஏற்றுகிறார்கள். மொத்தம் 39,888 பவுண்டு. 115 ரூபாய் வீதம் பார்த்தால் சுமார் 46 லட்சம். விமான டிக்கெட், குளிர்கால உடை, அறைக்கான முன்பணம் எல்லாம் இதற்கு வெளியே. இந்தப் படிப்பைப் படிக்கப் போகிறவர் தன் சொந்தச் செலவுக்கு ஒரு எக்ஸெல் பட்ஜெட் போடாமல் கிளம்பினால் அது வேடிக்கைதான். பவுண்டு 5 ரூபாய் ஏறினால் 2 லட்சம் கூடும் என்பதையும் அதில் ஒரு வரியாகப் போடுங்கள்.

கல்விக் கடன் வாங்குகிறவர்கள் தேசிய மயமாக்கப்பட்ட பேங்க், தனியார் பேங்க், கல்விக் கடன் நிறுவனம் மூன்றிடமும் விலை கேளுங்கள். சொத்து அடமானம் உண்டென்றால் பொதுத்துறை பேங்கில் வட்டி குறைவு. அடமானம் இல்லாத கடனுக்கு வட்டி கூடுதல், ஆனால் வேகம். வட்டிக்கு எட்டு ஆண்டு வரிக்கழிவு இருக்கிறது, பழைய வரிமுறையைத் தேர்ந்தவர்களுக்கு மட்டும். சொந்தப் பணத்தை அனுப்பினால் ஆண்டுக்கு 10 லட்சத்துக்கு மேற்பட்ட தொகைக்கு டிசிஎஸ் (அனுப்பும்போதே வசூலிக்கும் வரி) பிடிப்பார்கள். கல்விக் கடனாக நிதி நிறுவனத்திலிருந்து நேராகப் போனால் 2025 ஏப்ரல் முதல் அது கிடையாது. பிடித்ததை வரி ரிட்டர்னில் கேட்டு வாங்கலாம்.

உதவித்தொகையில் பிரிட்டன் அரசின் செவனிங் முழுச் செலவையும் ஏற்கும். ஆனால் 2,800 மணி நேர வேலை அனுபவம் வேண்டும், படித்து முடித்ததும் நாடு திரும்பி இரண்டு ஆண்டு இருந்தாக வேண்டும். கிரேட் உதவித்தொகை குறைந்தது 10,000 பவுண்டு. பட்டியல் இனத்தவருக்கு மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையும் தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் அயல்நாட்டு உயர்கல்வி உதவித்தொகையும் இருக்கின்றன. இவை பற்றி ஏஜென்ட்கள் பெரும்பாலும் வாயே திறப்பதில்லை. பல்கலைக்கழகமே தரும் 3,000, 5,000 பவுண்டு தள்ளுபடிகள் நிறைய. கேட்டால்தான் கிடைக்கும் என்பதும் நிறைய இடத்தில் உண்மை.

ஆறாம் படி: விசா

முன்பணம் கட்டியதும், சில இடங்களில் ஒரு சிறு நேர்காணலுக்குப் பிறகு, பல்கலைக்கழகம் சிஏஎஸ் எண் (சேர்க்கையை உறுதி செய்யும் எண்) தரும். அதற்குப் பிறகுதான் விசா விண்ணப்பம். காசநோய்ப் பரிசோதனைச் சான்றிதழ் இந்தியா, இலங்கை இரண்டுக்கும் கட்டாயம். அங்கீகரித்த மருத்துவமனையில் மட்டும் எடுக்க வேண்டும்.

பெரும்பாலான சிக்கல் பணம் காட்டுவதில் வரும். 2025 நவம்பர் 11 முதல் லண்டனுக்கு மாதம் 1,529 பவுண்டும் வெளியே 1,171 பவுண்டும், ஒன்பது மாதத்துக்குக் காட்ட வேண்டும். மேலே சொன்ன உதாரணத்தில் 4,000 முன்பணம் கட்டியிருந்தால் மீதிக் கட்டணம் 21,000, வாழ்க்கைச் செலவு 10,539, ஆக 31,539 பவுண்டு. இந்தத் தொகை தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும். நடுவில் ஒரே ஒரு நாள் குறைந்தாலும் விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம். கணக்கு உங்கள் பெயரிலோ பெற்றோர் பெயரிலோ இருக்க வேண்டும். மாமா, சித்தப்பா கணக்கில் எவ்வளவு இருந்தாலும் செல்லாது. அவர்கள் தருவதானால் 28 நாளுக்கு முன்பே அப்பா கணக்குக்கு வந்திருக்க வேண்டும். பெற்றோர் கணக்கென்றால் பிறப்புச் சான்றிதழும் சம்மதக் கடிதமும் சேருங்கள்.

கணவன், மனைவி, குழந்தைகளைக் கூட்டிப்போகலாம் என்று யாராவது சொன்னால் அது பழைய கதை. 2024 ஜனவரியிலிருந்து இந்த வகை எம்எஸ்சி மாணவர்களுக்கு அந்த வசதி இல்லை.

படிப்புக் காலத்தில் வாரம் 20 மணி நேரம் வேலை செய்யலாம். இதில் ஒரு கண்ணி இருக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை வகுப்பு இருக்காது. இளங்கலை மாணவர்களுக்கு விடுமுறை, அவர்கள் முழு நேரம் வேலை பார்ப்பார்கள். எம்எஸ்சிக்காரர்களுக்கு அது டிஸர்டேஷன் காலம், அதாவது படிப்புக் காலம்தான். அப்போதும் 20 மணி நேர வரம்பு அப்படியே இருக்கும். பக்கத்து அறை நண்பர் 40 மணி நேரம் போகிறார் என்று நீங்களும் போனால் விசாவுக்கே ஆபத்து.

ஏழாம் படி: அங்கே போன பிறகு

முதல் செமஸ்டர் செப்டம்பர் முதல் டிசம்பர். கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும். வாரம் பன்னிரண்டு மணி நேரம் மாதிரிதான் வகுப்பு இருக்கும். "என்னடா இது, இவ்வளவு ஃப்ரீயா" என்று தோன்றும். மீதி நேரம் நீங்களே படிப்பதற்கு. ஒரு விரிவுரைக்கு மூன்று ஆய்வுக் கட்டுரை படித்துவிட்டு வரச் சொல்வார்கள். அதை விட்டால் செமினாரில் வாய் திறக்க முடியாது.

கட்டுரை எழுதுவதில் மேற்கோள் காட்டும் பழக்கம் நம் கல்லூரிகளில் பெரிதாக இல்லை. அங்கே டர்னிட்டின் மென்பொருள் ஒவ்வொரு வரியையும் ஒப்பிடும். பணம் வாங்கிக்கொண்டு கட்டுரை எழுதித் தருவது இங்கிலாந்தில் 2022 சட்டப்படி குற்றம். வாட்ஸ்அப்பில் "அசைன்மென்ட் உதவி" என்று யாராவது வந்தால் அந்த எண்ணை பிளாக் செய்துவிடுங்கள்.

டிஸர்டேஷன் தலைப்பை ஜனவரியிலேயே யோசிக்க ஆரம்பியுங்கள். பெரும்பாலோர் ஆப்பிள், டெஸ்லா என்று போய் விழுவார்கள். அதைப் பற்றி ஆயிரம் கட்டுரை வந்துவிட்டது. உங்கள் ஊர் தெரிந்தவர் என்ற பலம் உங்களிடம் இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். இண்ட் ஏஎஸ்ஸுக்கு மாறியபோது இந்தியக் கம்பெனிகளின் பங்கு விலைக்கும் கணக்கு லாபத்துக்கும் உள்ள தொடர்பு மாறியதா? 2022இல் இலங்கை ரூபாய் டாலருக்கு 200லிருந்து 360 வரை சரிந்தபோது கொழும்புப் பங்குச்சந்தைக் கம்பெனிகள் வெளிநாட்டுக் கடன் மீதான நட்டத்தை எப்படிக் காட்டின? ஆண்டறிக்கைகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, யாரும் அதிகம் தொடாத விஷயம். ஆனால் தலைப்பை முடிவு செய்யுமுன் தரவு கையில் வருமா என்று பாருங்கள். நூறு முதலாளிகளிடம் கருத்துக் கேட்பேன் என்று திட்டம் போட்டு ஜூலையில் ஏழு பதிலோடு நிற்பவர்கள் ஒவ்வொரு ஆண்டும் உண்டு.

போகுமுன் செய்ய வேண்டிய ஒரே தயாரிப்பு எக்ஸெல். பிவட் டேபிள், இன்டெக்ஸ் மேட்ச், கோல் சீக் மூன்றும் கைக்கு வந்திருந்தால் போதும். புள்ளியியலில் ரிக்ரெஷன் என்றால் என்ன என்று தெரிந்திருந்தால் இன்னும் நல்லது.

எட்டாம் படி: வேலை

பெரிய ஆடிட் நிறுவனங்களின் பட்டதாரிச் சேர்க்கை அடுத்த ஆண்டுக்கான இடங்களுக்குச் செப்டம்பர் வாக்கிலேயே திறந்துவிடும். நீங்கள் விமானத்தில் இறங்கி அறை தேடிக்கொண்டிருக்கும் நேரம் அது. டிஸர்டேஷன் முடித்துவிட்டுத் தேடலாம் என்று இருந்தால் ஒரு சுற்று முழுக்கப் போய்விடும். ஊரிலிருந்து கிளம்புமுன்பே சிவியைத் தயார் செய்துவிடுங்கள்.

சட்டத்தைக் கண்ணைத் திறந்து பாருங்கள். படிப்பு முடிந்ததும் கிடைக்கும் கிராஜுவேட் விசா இரண்டு ஆண்டு இருந்தது. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதம்தான். அதாவது 2026 செப்டம்பரிலோ பிறகோ சேர்கிறவர்கள் எல்லோருக்கும் 18 மாதம். அதற்குள் ஸ்பான்ஸர் உரிமம் (வெளிநாட்டவரை வேலைக்கு எடுக்கும் உரிமம்) உள்ள நிறுவனத்தில் திறன்பணியாளர் விசாவுக்கு மாற வேண்டும். 2025 ஜூலை 22 முதல் அதற்கான பொதுச் சம்பள வரம்பு ஆண்டுக்கு 41,700 பவுண்டு. புதிதாக நுழைகிறவர்களுக்கு 33,400. அந்தத் தொழிலுக்கென்று வகுத்த சம்பளமும் தனியே உண்டு. லண்டனுக்கு வெளியே பயிற்சிக் கணக்காளர் சம்பளம் பல இடங்களில் இந்தக் கோட்டுக்குக் கீழேதான். பட்டய, சான்றளிக்கப்பட்ட கணக்காளர் வேலை இந்த விசாவுக்குத் தகுதியானது.  எந்த நிறுவனத்துக்கு உரிமம் இருக்கிறது என்ற பட்டியலை பிரிட்டன் உள்துறையே வெளியிடுகிறது. அதை இறக்கி வைத்துக்கொண்டு, அதில் உள்ள நடுத்தர ஆடிட் நிறுவனங்களுக்கும் எழுதுங்கள். டெலாய்ட், பிடபிள்யூசி, இஒய், கேபிஎம்ஜி என்ற பெரிய நான்கின் பின்னால் மட்டும் ஓடுவது வீண்.

ஊர் திரும்புவதைத் தோல்வியாக எண்ணத் தேவையில்லை. உலக வங்கியின் கணக்கு வேலைகளில் கணிசமான பகுதி சென்னை தரமணியில் நடக்கிறது. பன்னாட்டு பேங்குகளும் உற்பத்தி நிறுவனங்களும் தங்கள் குழுமக் கணக்கு முடிப்பு, கட்டுப்பாட்டு அறிக்கை, ட்ரஷரி வேலைகளைச் சென்னை மையங்களுக்குக் கொண்டுவந்துவிட்டன. கொழும்பிலும் பிரிட்டன் நிறுவனங்களுக்குக் கணக்குப் பார்க்கும் அலுவலகங்கள் உண்டு. இந்த நேர்காணல்களில் பட்டத்தின் பெயரைக் கேட்பது ஒரு நிமிடம். மீதி அரை மணி நேரமும், "இன்டர்கம்பெனி இருப்பு (குழும நிறுவனங்களுக்குள் உள்ள பாக்கி) இரண்டு பக்கமும் ஒத்துப்போகவில்லை, மாத முடிவு நாளை, என்ன செய்வீர்கள்?" என்ற ரகக் கேள்விதான். ஏசிசிஏவின் எஸ்பிஆர் (நிறுவன அறிக்கையிடல்), ஏஎஃப்எம் (உயர்நிலை நிதி மேலாண்மை) தாள்கள் எம்எஸ்சியில் படித்ததோடு நிறைய ஒத்துப்போகும். அதனால் டிஸர்டேஷனைச் சமர்ப்பித்த கையோடு, பாடம் சூடாக இருக்கும்போதே, டிசம்பர் தேர்வுக்கு அந்த இரண்டில் ஒன்றைப் பதிவு செய்துவிடுங்கள்.